பட்டுப்புழு தின்னும் இலை

தருமபுரி, ஓசூர் பக்கம் போனவர்கள் மல்பெரித் தோட்டம் பார்த்திருப்பார்கள். அதன் இலைதான் பட்டுப்புழுவின் சாப்பாடு. சீன வைத்தியர்களோ பனிக்காலத்தில் பறித்த இலையைக் காயவைத்து, இருமலுக்கும் கண் சிவப்புக்கும் கஷாயமாகக் கொடுத்தார்கள்.

இலையைக் கிள்ளினால் பால் வடியும். அதில் டிஎன்ஜே என்றொரு பொருள் இருக்கிறது. அமைப்பில் சர்க்கரை மாதிரியே இருக்கும். இட்லியின் மாவுச்சத்தைக் குடலில் சர்க்கரையாக்கும் நொதி, ஏமாந்து இதைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று ஏறாது. வேறு பல புழுக்களுக்கு இந்தப் பால் விஷம். பட்டுப்புழு மட்டும் ஜோராகத் தின்கிறது! டிஎன்ஜேயை ஒட்டி உருவான, சர்க்கரை நோய்க்கான மிக்லிட்டால் மாத்திரைக்கு 1996-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது.

சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மல்பெரி டீயும் சேர்த்துக் குடித்தால் சர்க்கரை ரொம்ப இறங்கிவிடலாம். டாக்டரைக் கேட்டுக்கொண்டு குடியுங்கள்.