அகல டயர் நம்ம வயலுக்கும் வேண்டும்!

(ஒன்றியக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியது)



தண்ணீர், உரம், கொள்முதல் விலை. இந்த மூன்றைப் பற்றித்தான் எப்போதும் இந்த மேடையில் பேசுவோம். இன்னைக்கு டயரைப் பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும், முன்வரிசையில் இருந்த ஒரு அண்ணாச்சி "என்ன, செயலாளர் பஞ்சர் கடை போட்டுட்டாரா?"ன்னு கேட்டார். சிரிச்சுக்கிடுங்க. ஆனா பிசான அறுப்பு முடிஞ்சு, நெல் ஏத்தின டிரெய்லர் கரையேறிப் போன பிறகு வயலைத் திரும்பிப் பார்த்தவங்க யாருக்கும் சிரிப்பு வராது.

2021 ஜனவரியில் தாமிரபரணியில் வெள்ளம் வந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதுக்குப் பிறகு வந்த அறுப்பில் என் வயல் சரியாகக் காயலை. வியாபாரி லாரியோடு ரோட்டில் நிற்கிறார், அறுப்பு மிஷின்காரர் அடுத்த ஊருக்குப் போகணும்னு துடிக்கிறார். சரி, போகட்டும்னு டிரெய்லரை உள்ளே விட்டேன். முழங்கால் ஆழத்துக்குத் தடம் விழுந்தது. அப்புறம் அந்த வயலில் உளுந்து விதைச்சேன். மற்ற இடமெல்லாம் பச்சையா நின்னது. டிரெய்லர் போன வழியில் மட்டும் ரெண்டு கோடு போட்ட மாதிரி மஞ்சள் அடிச்சு, சாண் உயரம்கூட வரலை. மண்வெட்டி போட்டுத் தோண்டிப் பார்த்தேன். ஆணிவேர் அரைச்சாண் கீழே போய், அங்கிருந்து வளைஞ்ச ஆணி மாதிரி பக்கவாட்டில் ஓடியிருந்தது. அடியில் மண், செங்கல்லுக்குப் பிசைஞ்சு காயவெச்ச மாதிரி கெட்டி.

இது ஏன்னு ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம். ரெண்டு சக்கர டிரெய்லர், காலிப்பெட்டி ஒரு டன்னுன்னு வையுங்க. 75 கிலோ மூடை 40 ஏத்தினா மூணு டன். ஆக நாலு டன். கொஞ்ச பாரம் டிராக்டர் கொக்கி மேல இறங்கும். அதைக் கழிச்சா சக்கரத்துக்கு 1,700 கிலோ. டயரில் 60 பவுண்டு காத்து இருக்கு. டயருக்குள்ளே எவ்வளவு அழுத்தமோ, ஏறக்குறைய அதே அழுத்தம்தான் டயருக்கு அடியில் மண்ணுக்கும். டயர் விறைப்பா இருந்தா இன்னும் கூடும். 60 பவுண்டுன்னா சதுர சென்டிமீட்டருக்கு 4.2 கிலோ. அப்படின்னா 1,700 கிலோவும் இறங்குற இடம் 20 சென்டிமீட்டருக்கு 20 சென்டிமீட்டர்தான். ஒரு சின்னத் தட்டு அளவு! ஈர மண்ணு இவ்வளவைத் தாங்காது. தாங்குற வரைக்கும் டயர் அமுங்கிக்கிட்டே போகும். அதுதான் தடம்.

இதோடு செயின் வண்டியை ஒப்பிட்டுப் பாருங்க. பெல்ட் போட்ட அந்த அறுப்பு மிஷின் ஏறக்குறைய மூணு டன் எடை. ஆனா ரெண்டு பெல்ட்டும் மண்ணில் படுற இடம் ஒன்றரைச் சதுர மீட்டர் அளவுக்கு இருக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 200 கிராம்தான் வருது. டிரெய்லர் டயர் கொடுக்கிறது இதைப் போல இருபது மடங்கு. வயல் கெடக்கூடாதுன்னு டயர் மிஷினை விட்டுட்டு, கூட வாடகை கொடுத்து செயின் வண்டியைக் கூப்பிடுறோம். அது அறுத்துப் போட்ட நெல்லை எடுக்க அதே வயலுக்குள்ளே டிரெய்லரை விடுறோம். கூடக் கொடுத்த வாடகை எங்கே போச்சு? தடத்துக்குள்ளே போச்சு.

"நெல்லு வயலுக்கு அடிமண் இறுகினாத்தானே தண்ணி நிக்கும்"னு கேட்பாங்க. நியாயமான கேள்விதான். தொளியடிச்சு அடிச்சு, கீழே மெல்லிசா ஒரு கெட்டித்தட்டு தானே உண்டாகுது, அது வேணும். ஆனா அது வயல் முழுக்க ஒரே மட்டமா இருக்கணும். டிரெய்லர் அதை ஒரு இடத்தில் உடைக்குது, இன்னொரு இடத்தில் இன்னும் கீழே தள்ளி இறுக்குது. உடைஞ்ச இடத்தில் அடுத்த தொளிக்கு டிராக்டர் புதையுது, தண்ணி இறங்குது. மரமடிச்சு மட்டம் பார்த்த வயல் மேடு பள்ளமாகுது. அதோடு நாம நெல் மட்டுமா வைக்கிறோம்? கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவியில் இருந்து ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் நெல் வயல்தான் அடுத்த தடவை வாழையாகுது. வாழை வேருக்கு இறங்க இடம் வேணும், தண்ணி வடியணும்.

மேல்மண் கெடுறதுக்குக் காரணம் டயரின் அழுத்தம். அடிமண் கெடுறதுக்குக் காரணம் அச்சில் இறங்குற மொத்த பாரம். இதைப் பிரிச்சுப் புரிஞ்சுக்கிடணும். ஈர மண்ணில் ஒரு அச்சுக்கு 4 டன் ஏத்தினா 30 சென்டிமீட்டர் வரைக்கும், 6 டன்னுன்னா 40, 10 டன்னுன்னா 50 சென்டிமீட்டர் வரைக்கும் மண் இறுகும்னு ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் ஹாகன்சன் போன்றவங்க பல வருஷம் வயலிலேயே சோதிச்சுச் சொல்லியிருக்காங்க. அங்கே வருஷா வருஷம் பனியில் மண் உறைஞ்சு உருகுது. அப்படியிருந்தும் 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறுகினது லேசில் இளகலையாம். நமக்கு ரொட்டவேட்டர் போறதே அஞ்சு அங்குலம். உளிக்கலப்பை போட்டு உடைக்கலாம்தான். அதுக்கும் மண் காய்ஞ்சிருக்கணும், செலவும் நம்ம தலையில். அடுத்த அறுப்பில் டிரெய்லர் வந்து மறுபடி மிதிச்சுட்டுப் போயிரும்.

அந்தக் காலத்தில் மாட்டுவண்டிப் பட்டா ரெண்டு அங்குலம்தானே, அப்போ வயல் கெடலையான்னு ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். வண்டி வயலுக்குள்ளே வரலையே அய்யா! கட்டுக்கட்டாத் தலையில் சுமந்து களத்துக்குக் கொண்டுபோனோம். வண்டி பாதையில் நின்னது. இன்னைக்குச் சுமக்க ஆள் இல்லை, களமும் பாதி இல்லை.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வாறேன். டயரை வாங்குறவர் ஒருத்தர், வயலுக்குச் சொந்தக்காரர் இன்னொருத்தர். டிரெய்லர் வெச்சிருக்கிறவர் வருஷத்தில் முக்கால்வாசி நாள் ரோட்டில் ஓட்டுறார். செங்கல், மணல், எரு. ஒடுக்கமான லாரி டயரும் நிறைய காத்தும்தான் அவருக்குக் கட்டும். டயர் தேயாது, டீசல் மிச்சம். வயல் கெடுற நஷ்டம் அவர் கணக்கில் வராது, நம்ம கணக்கில்தான் வரும். அவரை நான் எதிரின்னு சொல்லலை. அவரும் நம்ம ஊர்க்காரர்தான், டிராக்டர் தவணை கட்டுறதுக்கே திணறுறவர். அகல டயர்னா ரிம் மாத்தணும், சில வண்டிக்கு ஹப்பும் மாத்தணும். அவர் கைக்காசைப் போட்டு நம்ம மண்ணைக் காப்பாத்தச் சொல்ல முடியாது. அதனாலதான் அரசாங்கத்தைக் கேட்கிறோம்.

அகல டயர்னு ஒண்ணு இருக்கா, எங்கே கிடைக்கும்னு கேட்பீங்க. வெகுதூரம் போக வேண்டாம். கங்கைகொண்டான்னா நமக்கு 2005இல் குளிர்பான ஆலைக்கு ஆத்துத் தண்ணி கொடுக்கக்கூடாதுன்னு நடந்த போராட்டம்தான் ஞாபகம் வரும். அதே சிப்காட்டில் அலையன்ஸ் டயர் தொழிற்சாலை இருக்கு. 2016இல் ஜப்பானின் யோகோஹாமா கம்பெனி அதை வாங்கிச்சு. அங்கே செய்யுறது கார் டயர் இல்லை. விவசாய வண்டி, காட்டு வேலை, கட்டுமான வண்டிக்கான டயர். பெரும்பகுதி வெளிநாட்டுக்குப் போகுது. ஐரோப்பாவில் விவசாயி தன் டிரெய்லருக்கு அகல டயர் போட்டு, வயலுக்குள் இறங்கும்போது காத்தைக் குறைச்சு, ரோடு ஏறும்போது கூட்டிக்கிடுறதுக்கு வண்டியிலேயே ஏற்பாடு வெச்சிருக்கான். நம்ம மாவட்டத்தில் செய்யுற டயர் கப்பலேறி அவன் மண்ணைக் காப்பாத்துது. நம்ம பக்கத்து வயலில் ஒரு டிரெய்லரில்கூட அப்படிப்பட்ட டயரை நான் பார்த்ததில்லை.

ஒண்ணு எச்சரிக்கையாச் சொல்லிருறேன். டயரை அகலமாக்கிட்டுக் காத்தை 60 பவுண்டே அடிச்சா காசு தண்டம். அதே 1,700 கிலோவை 40 சென்டிமீட்டர் அகல டயரில் 30 பவுண்டு காத்தில் இறக்கினா, மண்ணில் படுற இடம் ரெண்டு மடங்கு, அழுத்தம் பாதி. பாரம் இன்னும் குறைஞ்சா காத்தையும் இன்னும் குறைக்கலாம். டயர்க் கம்பெனி கொடுக்கிற பார அட்டவணையைப் பார்த்துத்தான் செய்யணும். ஒடுக்க டயரில் முழுப் பாரத்தோடு காத்தை இறக்கினா டயர் பக்கவாட்டில் கிழியும். அகல டயர் வந்துட்டுதுன்னு 40 மூடையை 60 ஆக்கிறாதீங்க. அடிமண் பாரத்தைத்தான் பார்க்கும்.

ஆகவே நமது சங்கம் கேட்பது:

வேளாண் இயந்திரங்களுக்கு 40, 50 சதவீதம் மானியம் கொடுக்கிற திட்டம் இருக்கு. அதில் அகல டயர் போட்ட டிரெய்லரைச் சேர்க்கணும். புது டிரெய்லர் வாங்கினாத்தான் என்று இல்லாமல், பழைய டிரெய்லருக்கு டயரும் ரிம்மும் மட்டும் மாத்துறவங்களுக்கும் கொடுக்கணும். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடுற டிரெய்லர்களில் முதலில் மாத்திக் காட்டட்டும். டிராக்டர் டயருக்கு வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18இல் இருந்து 5 சதவீதமாகக் குறைஞ்சிருக்கு. டிரெய்லரின் அகல டயர் என்றும் அதில் தெளிவா எழுதணும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையமும் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியும் நம்ம ஆத்துப் பாசன மண்ணிலேயே ஒடுக்க டயர், அகல டயர் ரெண்டையும் ஓட்டி அளந்து, விளைச்சல் வித்தியாசத்தை நமக்குச் சொல்லணும்.

டயர் மட்டும் போதாது. கொள்முதல் நிலையத்தை அறுப்பு தொடங்குறதுக்கு முன்னாலேயே திறக்கணும். பிந்தினா வியாபாரி அவசரப்படுத்துறார், நாம ஈர வயலில் வண்டியை விடுறோம். அறுப்புக்குப் பத்து நாள் முன்னாலேயே மடை அடைபடுறதுக்கு முறை வெக்கணும். கால்வாய்க் கரை வண்டிப்பாதையை ஆக்கிரமிப்பு எடுத்துச் செப்பனிடணும். பாதை இருந்தா டிரெய்லர் வயலுக்குள்ளே வரவே வேண்டாம்.

அரசாங்கம் செய்யுற வரைக்கும் நாம சும்மா இருக்க வேண்டாம். வாடகை பேசும்போதே பேசிக்கிடுங்க: டிரெய்லர் பாதையில் நிக்கணும், செயின் வண்டி தொட்டி நிறைஞ்சதும் வரப்போரம் வந்து தட்டணும். அதுக்கு நேரம் கூடும், கொஞ்சம் வாடகையும் கூடும். தடத்தை மூடுற செலவை விட அது குறைவுதான். உள்ளே வந்தே ஆகணும்னா 20 மூடைக்கு மேல வேண்டாம். போறதும் வாறதும் ஒரே தடத்தில் இருக்கட்டும். முதல் தடவை மிதிக்கிறதிலேயே பெருங்கேடு நடந்துருது. வயல் முழுக்கப் புதுசு புதுசாத் தடம் போடுறதுக்கு ஒரே வழி கெட்டுப் போகட்டும்.

அடுத்த குறைதீர் நாள் கூட்டத்துக்குக் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு நாம மனுவோடு போறோம். வர்றவங்க அதுக்கு முன்னாடி ஒரு குச்சியை எடுத்து உங்க வயல் தடத்தில் ஊன்றி ஆழத்தை அளந்துக்கிடுங்க. எந்தக் கால்வாய்ப் பாசனம், எத்தனை அங்குலம், எத்தனை மூடை ஏத்தின வண்டி, எப்போ அறுத்தது. இந்த நாலையும் ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கிளைச் செயலாளரிடம் கொடுங்க. எழுதத் தெரியாதவங்க சொல்லுங்க, நாங்க எழுதிக்கிடுறோம். எல்லாத் தாளையும் மனுவோடு சேர்த்துத் தைச்சுக் கொடுப்போம்.