கன்னத்தில் விழும் அறை

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே, 'சி.ஐ.டி.' தொடரை இங்கே பலர் பார்த்திருப்பீங்க. 1998லிருந்து 2018 வரை சோனியில் ஓடிய இந்தித் தொடர். 2024 டிசம்பரில் மறுபடியும் கிளம்பி வந்தது. மும்பையில் ஒரு பிணம் கிடக்கும். ஏ.சி.பி. பிரத்யுமன் விரலைச் சுழற்றி யோசிப்பார். தயா கதவை உடைப்பார். டாக்டர் சாலுங்கே ஒரு குப்பியில் எதையோ ஊத்துவார், நிறம் மாறும், ஆள் தெரிஞ்சிடும். அப்புறம் ஓங்கி ஓர் அறை. அவன் அழுதுகிட்டே எல்லாத்தையும் ஒப்பிப்பான். தூக்கு நிச்சயம்னு ஏ.சி.பி.யே சொல்லிடுவார். நீதிபதிக்கு வேலையே இல்லை.

கதவு உடைவதை சிரிச்சிட்டு விட்டுடலாம். அந்த அறையை என்னால் விட முடியவில்லை. அடிபட்டவன் போலிசிடம் சொன்ன ஒப்புதல் கோர்ட்டில் செல்லாது. (அவன் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால், அந்த அளவுக்கு மட்டும் செல்லும்.) இது நேற்றைக்கு வந்த சட்டமில்லை. சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் நடந்த சித்திரவதைகளைப் பற்றி 1855லேயே ஒரு விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இந்தத் தடை வந்தது. 1872 சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 23ஆம் பிரிவு. வெள்ளைக்காரனே தன் போலிசை நம்பவில்லை, நம்ம பிள்ளைங்க டி.வி.யைப் பார்த்து நம்புறாங்க. அடித்தால்தான் உண்மை வரும் என்று நினைக்கிற சமூகத்தில் யார் கன்னம் முதலில் அகப்படும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று. இந்தத் தொடர்களில் புகார் எழுதுகிற மேசையே கிடையாது. பிணம் விழுந்ததும் போலிஸ் தானாக வந்து நிற்கும். நம்ம வழக்குகள் சாவதே அந்த மேசையில்தான். ஓர் அக்காவைக் கூட்டிக்கிட்டு ஒரு நிலையத்துக்குப் போனேன். சாதிப் பேரைச் சொல்லித் திட்டி அடிச்சிருக்கானுங்க. எழுத்தர் கேட்ட முதல் கேள்வி, "சமாதானமாப் போயிடலாமே?" சாயங்காலம் வரை உட்கார வைத்து ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார். அது எஃப்.ஐ.ஆர். இல்லை. எழுதியதில் சாதிப் பேர் இல்லை, 'வாய்த்தகராறு' என்றிருந்தது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 4ஆம் பிரிவு என்ன சொல்லுது? வாய்மொழிப் புகாரை எழுதி, வாசிச்சுக் காட்டி, அப்புறம்தான் கையெழுத்து வாங்கணும். நகலும் உடனே கொடுக்கணும். வேண்டுமென்றே செய்யாத அதிகாரி தலித்தோ பழங்குடியோ இல்லாதவராக இருந்தால், ஆறு மாதம் முதல் ஒரு வருசம் வரை சிறை. டி.எஸ்.பி.க்குக் கீழே உள்ளவர் புலன் விசாரிக்கக் கூடாதென்று 1995 விதிகள் சொல்லுது. எந்தக் கதாநாயகப் போலிசும் இதை உச்சரித்து நான் கேட்டதில்லை.

டாக்டர் சாலுங்கே குப்பிக்கு வருவோம். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. டி.என்.ஏ. சோதனைக்கு ரத்தம் கேட்டார்கள், பாதிக்கப்பட்ட மக்களிடமும் கேட்டார்கள். இரண்டு வருசம் கழித்து, 2025 ஜனவரியில், அதே ஊர் தலித் இளைஞர்கள் மூன்று பேர் மீதே குற்றப்பத்திரிகை வைத்தார்கள். ஊர் அதை ஏற்கவில்லை.

அந்த அக்கா? ரசீதை வைத்துக்கொண்டு எஸ்.பி.க்குப் பதிவுத் தபால் போட்டோம். பதினோராம் நாள் எஃப்.ஐ.ஆர். விழுந்தது. இந்தத் தடவை, வாசிச்சுக் காட்டிய பிறகுதான் அவங்க கைநாட்டு வைத்தாங்க.