எலியாஸ்பெர்க் பெயரையும் அச்சிடுங்கள்

ராக்மானினோவின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோ, ஷோஸ்டகோவிச்சின் ஏழாம் சிம்பொனி. ஒன்று காதல் ரசம், மற்றது போர் முழக்கம். ஒரே மாலையில் இரண்டுமா என்று கேட்கிறார்கள். ஏன் கூடாது? இரண்டின் வேரும் ஒரே ஊரில்தான் இருக்கிறது.

1897-ல் பீட்டர்ஸ்பர்க்கில் ராக்மானினோவின் முதல் சிம்பொனி மண்ணைக் கவ்வியது. எகிப்தின் வாதைகளோடு ஒப்பிட்டு எழுதினார் ஒரு விமர்சகர். 24 வயது நிரம்பாத பிள்ளை, இடிந்துபோனார். ஏறத்தாழ மூன்று வருஷம் பேனா ஓடவில்லை. டாக்டர் டால் பேசிப் பேசியே அவரைத் தேற்றினார். 1901-ல் மாஸ்கோவில் கான்செர்ட்டோ முழுமையாக அரங்கேறியது. தூரத்து மணியோசை நெருங்கி வருவதுபோல் தனிப் பியானோவில் தொடங்கும் அந்தப் படைப்பை டாக்டருக்கே காணிக்கையாக்கினார். நன்றி மறக்காத மனிதர்!

அன்று தோற்ற சிம்பொனியை நடத்திய கிளாசுனோவ்தான், பின்னாளில் அதே ஊர் இசைக்கல்லூரித் தலைவராக இருந்து சிறுவன் ஷோஸ்டகோவிச்சைத் தாங்கிப் பிடித்தவர்.

அந்த ஊர் லெனின்கிராட் ஆனது. 1941 செப்டம்பரில் ஜெர்மன் படை வளைத்தது. 872 நாள் முற்றுகை! குளிர்காலத்தில் பலருக்கு நாளுக்கு 125 கிராம் ரொட்டிதான். வானொலி இசைக்குழுவில் வாசிக்கத் தெம்புள்ளவர்கள் பதினைந்து பேர்போல. ஏழாம் சிம்பொனிக்கான முதல் ஒத்திகை கால் மணி நேரத்தில் நின்றது. ட்ரம்பெட்காரருக்கு ஊத மூச்சில்லை. தாளக்காரர் இறந்துவிட்டார் என்றார்கள். நடத்துநர் கார்ல் எலியாஸ்பெர்க் பிணவறைக்கே தேடிப் போனாராம். விரல் அசைந்ததாம்! அந்த விரல்கள் தட்டிய ஸ்நேர் டிரம்மின் மேல்தான் முதல் பகுதியில் ஒரே மெட்டு பத்துப் பன்னிரண்டு தடவை பெருகிப் பெருகி வருகிறது.

இந்தச் சிம்பொனியை வெறும் பிரச்சாரம், இரைச்சல் என்று எழுதிய மேதாவிகள் உண்டு. வயிறு நிறைந்தவர்கள் எழுதியது அது. அந்தத் தாளக்காரர் முன்னால் நின்று சொல்லட்டும் பார்ப்போம்!

1942 ஆகஸ்ட் 9. முற்றுகைக்குள்ளேயே சிம்பொனி அரங்கேறியது. எதிரியின் பீரங்கிகளைச் சோவியத் பீரங்கிகள் முன்கூட்டியே அடக்கின. போர்முனையில் இருந்த இசைஞர்களை வரவழைத்து வரிசையை நிரப்பியிருந்தார்கள். இசை ஒலிபெருக்கி வழியாக எதிரிப் படைக்கும் கேட்டது.

பிறகு நடந்ததுதான் நெஞ்சு பொறுக்காதது. வெளியூரில் பத்திரமாக இருந்த பெரிய இசைக்குழு திரும்பி வந்தது, எலியாஸ்பெர்க் ஓரங்கட்டப்பட்டார். 1964-ல் பிழைத்திருந்தவர்களைக் கூட்டி அதே சிம்பொனியை மறுபடி நடத்தினார். 1978-ல் ஏறக்குறைய மறக்கப்பட்டவராகவே இறந்தார். டாக்டருக்காவது காணிக்கை கிடைத்தது, இவருக்கு?

கச்சேரி அமைப்பாளர்களே, இந்தச் சிம்பொனியை வாசிக்கும் ஒவ்வொரு மாலையும் நிகழ்ச்சித் தாளில் ஷோஸ்டகோவிச் பெயருக்குக் கீழே எலியாஸ்பெர்க் பெயரையும் அச்சிடுங்கள்.