சாலைச் சின்னங்களும் சைக்கிளும்



இன்று இங்கே வந்திருப்பவர்களில் பலர் சைக்கிளில் வந்திருக்கிறீர்கள். பால் கேன் கட்டிய சைக்கிள் வெளியே நிற்கிறது. புல்லுக்கட்டுக்காகக் கயிறு சுற்றி வைத்த சைக்கிள் நிற்கிறது. பிள்ளையை உட்கார வைக்கச் சின்ன இருக்கை பொருத்திய சைக்கிளும் நிற்கிறது. ஆகவே இன்று சைக்கிளில் போகிறவர்களுக்கு உதவும் ஒரு விஷயத்தைப் பேசலாம். சாலை ஓரத்தில் நிற்கும் போர்டுகளை எப்படிப் படிப்பது என்பதே அந்த விஷயம்.

எழுத்தறிவுக்கும் சைக்கிளுக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது அங்கே கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். அந்த இயக்கத்தில் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். கல் குவாரியில் வேலை செய்த பெண்களும், விவசாயக் கூலிப் பெண்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டினார்கள். தண்ணீர் கொண்டு வரவும், சந்தைக்குப் போகவும் அவர்கள் யார் கையையும் எதிர்பார்க்கவில்லை. சைக்கிள் நம்மை வெளியே கொண்டு போகிறது. போனவர்கள் பத்திரமாக வீடு திரும்பவும் வேண்டும் அல்லவா?

லாரி ஓட்டுபவர் லைசென்ஸ் வாங்க வேண்டும். பழகுநர் லைசென்ஸ் வாங்கப் போகும்போதே சாலைச் சின்னங்களைக் காட்டி, இது என்ன, அது என்ன என்று கேட்பார்கள். சைக்கிளுக்கு லைசென்ஸ் கிடையாது. ஏழைகளுக்கு அது நல்லதுதான். ஆனால் அதனாலேயே நமக்கு இந்தச் சின்னங்களை யாரும் சொல்லித் தருவதில்லை. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. அவர்களில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சைக்கிளில் போனவர்கள். லாரிக்கு இரும்புக் கூடு இருக்கிறது. நமக்கு இருப்பது கண்ணும் காதும் அறிவும்தான்.

மூன்று வடிவங்கள்

சாலைச் சின்னங்கள் ஏராளம். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலில் வடிவத்தைப் பாருங்கள். வட்டம், முக்கோணம், செவ்வகம் ஆகிய மூன்றும் தெரிந்தால் பாதிப் பாடம் முடிந்தது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் சின்னங்களை இப்படித்தான் மூன்று வகையாகப் பிரிக்கிறது.

வட்டம் என்றால் உத்தரவு. சிவப்பு வளையம் போட்ட வட்டம் பெரும்பாலும் 'செய்யாதே' என்று சொல்லும். உள்ளே சைக்கிள் படம் போட்டு, அதன் குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தால் அந்தச் சாலையில் சைக்கிள் போகக் கூடாது. முழுவதும் சிவப்பாக, நடுவில் வெள்ளைப் பட்டை போட்ட வட்டம் 'நுழையாதே' என்று சொல்கிறது. அதை மீறி ஒருவழிப் பாதைக்குள் எதிர்த் திசையில் போனால், எதிரே வருகிறவர் நம்மை எதிர்பார்க்கவே மாட்டார்.

நீல வட்டம் 'இதைச் செய்' என்று சொல்லும். நீல வட்டத்தில் வெள்ளை சைக்கிள் படம் இருந்தால், அது சைக்கிளுக்கென்றே உள்ள பாதை. சைக்கிள் அதில்தான் போக வேண்டும். மோட்டார் வண்டிகள் அதில் வரக் கூடாது.

உத்தரவுகளில் இரண்டு மட்டும் வட்டமாக இருக்காது. ஒன்று, எட்டுப் பக்கம் உள்ள சிவப்புப் போர்டு. அதன் பொருள் 'நில்'. மற்றொன்று, தலைகீழாக நிற்கும் முக்கோணம். 'மற்ற வண்டிக்கு வழி விடு' என்று அது சொல்கிறது. இவை மிக முக்கியமானவை. அதனால்தான் வேறு எதற்கும் இல்லாத வடிவத்தை இவற்றுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பெயின்ட் மங்கிப் போனாலும், மேலே புழுதி படிந்தாலும், வடிவத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம்.

முக்கோணம் என்றால் எச்சரிக்கை. நுனி மேலே இருக்கும். ஓரம் சிவப்பு, உள்ளே கறுப்புப் படம். 'முன்னால் ஆபத்து இருக்கிறது, பார்த்துப் போ' என்பது இதன் பொருள்.

செவ்வகம் என்றால் தகவல். இது பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். ஆஸ்பத்திரி, பெட்ரோல் பங்க், சாப்பாட்டுக் கடை, சைக்கிள் நிறுத்தும் இடம் எங்கே என்று இது சொல்லும்.

சைக்கிளில் இருந்து படிப்பது எப்படி?

ஒரே போர்டு கார்காரருக்கு ஒன்றைச் சொல்லும். நமக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும். சில உதாரணங்களைப் பார்ப்போம்.

குறுகிய பாலம் என்ற எச்சரிக்கை வருகிறது. பாலத்தில் ஒரு லாரியும் ஒரு பஸ்ஸும் எதிரெதிரே வந்தால் நமக்கு இடம் இருக்காது. கைப்பிடிச் சுவர்தான் இருக்கும். ஆகவே பாலத்துக்கு முன்பே இறங்கி நில்லுங்கள். பெரிய வண்டிகள் போன பிறகு போங்கள்.

செங்குத்தான இறக்கம் என்ற எச்சரிக்கை வருகிறது. இறக்கத்தில் பெடல் மிதிக்காமலே வேகம் கூடும். பின்னால் அரிசி மூட்டை இருந்தால் இன்னும் கூடும். முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் சைக்கிள் தலைகுப்புறக் கவிழும். மேட்டிலேயே பிரேக்கைச் சோதியுங்கள். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டு மெதுவாகப் பிடியுங்கள். சுமை அதிகம் என்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள்.

ஜல்லி சிதறிக் கிடக்கும் இடம் என்ற எச்சரிக்கை வருகிறது. அங்கே திடீர் பிரேக்கும் கூடாது, திடீர்த் திருப்பமும் கூடாது. கடந்து போகும் வண்டியின் சக்கரத்திலிருந்து கல் தெறிக்கும். கொஞ்சம் விலகியே இருங்கள்.

ரயில்வே கேட் என்ற எச்சரிக்கை வருகிறது. அகல ரயில் பாதைகளில் ஆளில்லாத கேட்டுகளை 2019 ஜனவரியோடு நீக்கிவிட்டார்கள். இப்போது அங்கே கேட் இருக்கும், ஆளும் இருப்பார். ஆனால் கேட் மூடிய பிறகு சைக்கிளைச் சாய்த்து அடியில் நுழைகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வேகமாக வரும் ரயில் பிரேக் போட்ட உடனே நிற்காது. ஒரு கிலோமீட்டர் வரைகூட ஓடித்தான் நிற்கும். ஒரு ரயிலுக்குப் பின்னால் அடுத்த பாதையில் இன்னொரு ரயில் வரலாம். பொறுத்திருங்கள். கேட் திறந்ததும் தண்டவாளத்தை நேர்க்குறுக்காகக் கடந்து போங்கள். சாய்வாகப் போனால் சக்கரம் பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும்.

இடது பக்கம் திரும்பும் லாரியைப் பற்றி ஒரு வார்த்தை. இதற்குத் தனிப் போர்டு கிடையாது. நீண்ட லாரி திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரம் போன வழியில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த உள்பக்கத்தில்தான் நம் சைக்கிள் நிற்கும். டிரைவர் உயரத்தில் இருக்கிறார். இடது பக்கம் ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். ஆகவே சிக்னலில் லாரி, பஸ்ஸுக்கு இடது பக்கம் நுழைந்து நிற்காதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள்.

ஒரு சின்னக் கணக்கு

வட்டத்துக்குள் 60 என்று எழுதியிருந்தால், அந்தச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று அர்த்தம். 'சைக்கிளுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?' என்று நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் ஒரு விநாடிக்கு சுமார் 17 மீட்டர். இருவழிச் சாலையின் அகலம் பொதுவாக 7 மீட்டர். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடக்க நமக்கு 7 விநாடி ஆகும். அந்த 7 விநாடியில் லாரி 7 × 17, அதாவது 119 மீட்டர் வந்துவிடும். ஆகவே 120 மீட்டருக்குள் வண்டி தெரிந்தால் காலை எடுத்து வைக்கக் கூடாது. அதற்கு இன்னும் கொஞ்ச தூரம் சேர்த்து வைத்துக்கொள்வதே நல்லது. வகுப்பில் கற்ற வாய்ப்பாடு உயிரைக் காக்கவும் உதவும்.

மைல்கல்லையும் பாருங்கள். தலையில் மஞ்சள் வண்ணம் என்றால் தேசிய நெடுஞ்சாலை. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. மஞ்சள் கல்லைப் பார்த்ததுமே, பெரிய வண்டிகள் வேகமாக வரும் சாலை இது என்று புரிந்துகொள்ளுங்கள்.

ஊர் மாறினாலும் படம் மாறாது

பிழைப்புக்காக நாம் எங்கெங்கோ போகிறோம். சூரத்தில் எழுத்து குஜராத்தி. கொல்கத்தாவில் வங்காளி. ஆனால் முக்கோணம் அங்கேயும் முக்கோணம்தான். 1968-ல் வியன்னா நகரில் பல நாடுகள் கூடி, சாலைச் சின்னங்கள் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் செய்தன. எழுத்துத் தெரியாதவரும், மொழி தெரியாதவரும் படிக்கக்கூடியது இந்தப் படங்கள்.

தெரியாவிட்டால் நஷ்டமும் உண்டு. மும்பை-புனே விரைவுச் சாலையில் சைக்கிள் போகக் கூடாது. கொல்கத்தாவில் 2013-ல் 174 சாலைகளில் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். பால்காரர்களும், பேப்பர் போடுகிறவர்களும், காய்கறி விற்கிறவர்களும் அபராதம் கட்ட வேண்டி வந்தது. மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். பிறகு தடை போட்ட சாலைகளின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். போர்டைப் படிக்கத் தெரிந்தவருக்கு அபராதம் மிச்சம். தடை நியாயம்தானா என்று கேள்வி கேட்கவும் அவருக்கு முடியும்.

'நாம் போர்டு பார்த்து என்ன பயன்? லாரிக்காரர் பார்க்கிறாரா?' என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சிலர் பார்ப்பதில்லை. ஆனால் குறுகிய பாலத்தையும் இறக்கத்தையும் போர்டு நமக்கும் காட்டுகிறது. முன்னால் என்ன வரும் என்று தெரிந்தவர் அதற்குத் தயாராக இருப்பார். இருட்டிய பிறகு போகிறவர்கள் பின் மட்கார்டில் சிவப்பு ரிப்ளக்டரைத் துடைத்து வையுங்கள். அதுதான் மற்றவருக்கு நாம் காட்டும் போர்டு.

நாம் செய்யக்கூடியவை

நம் ஊர்ப் போர்டுகளில் சினிமா சுவரொட்டியும் கல்யாண வாழ்த்தும் ஒட்டியிருக்கின்றன. சாலைச் சின்னத்தை வேண்டுமென்றே மறைப்பதும், அழிப்பதும், பிடுங்குவதும் சட்டப்படி தவறு. ஒட்டுகிறவர்கள் நம் பிள்ளைகள்தான். எடுத்துச் சொல்லுங்கள். மரக்கிளை மறைத்தால் வெட்டச் சொல்லுங்கள்.

போர்டே இல்லாத இடமும் உண்டு. பள்ளிக்கூடம் இருக்கும், எச்சரிக்கை இருக்காது. அப்போது மனு எழுதலாம். ஊராட்சிச் சாலை என்றால் ஊராட்சித் தலைவருக்கு எழுதுங்கள். நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலைத் துறை அதிகாரிக்கு எழுதுங்கள். எந்தச் சாலை, எந்த இடம், அருகில் உள்ள கிலோமீட்டர் கல்லின் எண், எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள், என்ன சின்னம் வேண்டும் என்ற ஐந்தும் மனுவில் இருக்கட்டும். ஊரார் கையெழுத்துப் போடுங்கள். கைநாட்டு வைத்த காலம் போய்விட்டது. நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கொடுத்த தேதியையும் குறித்து வையுங்கள்.

அடுத்த வாரத்துக்கு ஒரு வேலை. உங்கள் வீட்டிலிருந்து சந்தை வரை எத்தனை போர்டுகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் வரையுங்கள். வட்டமா, முக்கோணமா, செவ்வகமா என்று பக்கத்தில் எழுதுங்கள். பொருள் தெரியாததைச் சுழித்துக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து படிப்போம். வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.