சொல்லிவிட்டு மீறியவர்கள்

அமெரிக்காவில் கான்கார்டு என்று ஒரு சின்ன ஊர். 1846 ஜூலை மாதம் அங்கே தோரோ என்ற எழுத்தாளரை வரி கட்டவில்லை என்று பிடித்து உள்ளே போட்டார்கள். அடிமை முறையைக் காப்பாற்றுகிற, மெக்சிகோ மேல் படையெடுக்கிற அரசாங்கத்துக்கு நான் ஏன் காசு தரணும் என்பது அவர் கட்சி. யாரோ வரியைக் கட்டிவிட, மறுநாளே வெளியே அனுப்பிவிட்டார்கள். அதில் அவருக்குக் கோபம் வேறு!

அந்த ஒரு ராத்திரியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையைக் காந்தி தென்னாப்பிரிக்காவில் படித்தார். மார்ட்டின் லூதர் கிங் கல்லூரியில் இருந்தபோது அதைப் படித்தார். 1955-ல் அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்துக் கறுப்பின மக்கள் நிறபேதம் பார்க்கிற பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் உறுதியாக நின்றார்கள். அதை முன்னின்று நடத்திய கிங்குக்கு அபராதம் விதித்தது உள்ளூர் நீதிமன்றம். ஆனால் பஸ்ஸில் நிறம் பார்ப்பதே செல்லாது என்றது உச்ச நீதிமன்றம்.

சரி, சட்டத்தைத் திருடனும்தானே மீறுகிறான்? மீறுகிறான். ஆனால் இருட்டில் மீறுவான். பிடிக்க வந்தால் ஓடுவான். அறவழியில் சட்டத்தை மீறுகிற சத்தியாக்கிரகி யாரையும் அடிக்க மாட்டார், தண்டனைக்கும் ஒளிய மாட்டார். காந்தி உப்புச் சட்டத்தை உடைக்கக் கிளம்பும் முன்பே, வைஸ்ராய் இர்வினுக்குக் கடிதம் எழுதிச் சொல்லிவிட்டார்!