சாலை போட்டால் நெரிசல் தீருமா?



"கணக்குப் படிச்சு என்ன செய்யப் போறே?" என்று இன்றைய மாணவர்களையும் கேட்கிறார்களாம். ஒரு கணக்கே பதில் சொல்லட்டும்.

ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் காலையில் 4000 கார்கள். வழிகள் இரண்டு. ஒன்றில் முதலில் பாலம், பிறகு அகலச் சாலை. மற்றதில் முதலில் அகலச் சாலை, பிறகு வேறொரு பாலம். பாலத்தில் ஏறும் வண்டிகளை 100ஆல் வகுத்தால், கடக்க ஆகும் நிமிடங்கள். அகலச் சாலைக்கு எப்போதும் 45. பாதிப் பாதியாகப் பிரிந்தால் எல்லோருக்கும் 65 நிமிடம்.

நடுவில் ஓர் இணைப்புச் சாலை போடுவோம். அதைக் கடக்க நேரமே ஆகாது என்று வையுங்கள். எல்லோரும் இரண்டு பாலங்கள் வழியே பாய்வார்கள். 40ம் 40ம் 80 நிமிடம்! பாலத்துக்கு 40, அகலச் சாலைக்கு 45 என்பதால் தனியாக எவரும் மாற மாட்டார். ஜெர்மானியக் கணிதர் பிரேஸ் 1968இல் காட்டிய முரண் இதுதான்.

'தான் மட்டும் வழி மாறி எவரும் லாபமடைய முடியாது' என்ற சமநிலையை 1952இல் வார்ட்ராப் சொன்னார். அதை எழுதும் கணித வடிவமே வேரியேஷனல் இன்ஈக்வாலிட்டி. மேலே நகராட்சி மொத்த நேரத்தைக் குறைக்கப் பார்க்கிறது; கீழே மக்கள் அவரவர் கணக்குப்படி போகிறார்கள். மக்களின் அந்தச் சமநிலையே நகராட்சிக்குக் கட்டுப்பாடு. லுவோ, பாங், ரால்ஃப் மூவரும் 1996இல் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார்கள். வழக்கமான முறைகள் இங்கே தடுமாறும். பக்கத்துக் குன்றுகளுக்கிடையே ஒரு பள்ளத்தைக் கண்டு, அதுவே அடிமட்டம் என்று நின்றுவிடும்.

சரி, இணைப்புச் சாலையை மூடிடலாமா? வேண்டாம். ஒரு நிமிடம் ஒரு ரூபாய் என்று வைத்து, அதற்கு 22.50 ரூபாய் சுங்கம் போடுங்கள். 500 பேர் மட்டும் அதில் போவார்கள். சராசரி நேரம் 64.7 நிமிடம். மூடியதைவிட மேல்!

ஆனால் கவனியுங்கள். சுங்கம் கட்டுபவருக்கு 45 நிமிடமும் 22.50 ரூபாயும், மற்றவருக்கு 67.5 நிமிடம். ஆக, சாலை போடாத நாளைவிட எல்லோருக்கும் நஷ்டம்தான்! வசூலான 11,250 ரூபாயை 4000 பேருக்கும் திருப்பிக் கொடுத்தால்தான் ஒவ்வொருவருக்கும் லாபம். சமன்பாடு சுங்கத்தைச் சொல்லும். பணம் யாருக்கு என்பதை நாம்தான் கேட்கணும்.

தம்பி தங்கைகளே, திட்டம் தீட்டும் இடத்தில் நாளை நீங்கள் உட்காருவீர்கள். 'இதைச் செய்தால் மக்கள் என்ன செய்வார்கள்?' என்பதை முதல் வரியாக எழுதுங்கள்.