தோற்சட்டைக்கு வந்த அவப்பெயர்

மோட்டார் சைக்கிளில் விரைவோருக்குப் பகைவர் இருவர்: ஒன்று காற்று, மற்றொன்று தரை. மணிக்கு 60 மைல் வேகத்தில் இளங்குளிரும் எலும்பைத் துளைக்கும். விழ நேர்ந்தாலோ சரளைக்கல் உடலை உரித்துவிடும். தன் தோலைக் காக்க மனிதன் விலங்கின் தோலை நாடியதில் வியப்பில்லை.

1928-ஆம் ஆண்டில், நியூயார்க் நகரில் ஆடை தயாரித்து வந்த இர்விங் ஷாட் என்பவர் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கென ஒரு தோற்சட்டை செய்தார். தாம் விரும்பிப் புகைத்த சுருட்டின் பெயரையே அதற்கும் சூட்டி, 'பெர்பெக்டோ' என்றார். விலை 5 டாலர் 50 சென்ட். பொத்தானுக்குப் பதில் 'ஜிப்' வைத்தார். அதையும் நடுவில் வைக்காமல் ஒருபுறமாகச் சாய்த்து வைத்தார். இதில்தான் நுட்பம் இருக்கிறது. ஒருபக்கத் தோல் மறுபக்கத்தின்மீது அகலமாகப் படிவதால் காற்று நுழைய வழியில்லை. முன்குனிந்து கைப்பிடியைப் பற்றுகையில் வயிற்றில் மடங்கிக் குத்துவதுமில்லை. மணிக்கட்டில் ஜிப், இடுப்பில் வார். அலங்காரமென நாம் எண்ணுபவை யாவும் உபயோகம் கருதி வந்தவையே.

இதற்கு அவப்பெயர் வந்த கதை விசித்திரமானது. 1947 ஜூலை 4 விடுமுறையையொட்டிக் கலிபோர்னியாவிலுள்ள ஹாலிஸ்டர் என்னும் சிற்றூரில் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்தது. ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தனர். சிலர் குடித்தனர், தெருவிலேயே வண்டிகளை விரட்டினர், சிலர் கைதாயினர். ஊர் எரிந்துவிடவில்லை. ஆயினும் புட்டிகளின் நடுவே வண்டிமேல் சாய்ந்திருந்த ஒருவனுடைய படம் 'லைப்' பத்திரிகையில் வெளிவந்தது. அது வேண்டுமென்றே அமைத்து எடுத்த படம் என்று பின்னர்ச் சொன்னவர்களும் உண்டு. நாடு கலங்கிற்று.

அந்நிகழ்ச்சியைத் தழுவி 1953-இல் வந்த திரைப்படத்தில் மார்லன் பிராண்டோ கறுப்புத் தோற்சட்டையுடன் தோன்றினார். பிரிட்டிஷ் தணிக்கையாளர் 1967 வரை அதற்குச் சான்றிதழே தரவில்லை. அமெரிக்காவில் சில பள்ளிகள் சட்டையையே விலக்கின. விலக்கியது போதாதா? வாலிபருக்கு அதன்மேல் மோகம் இரட்டித்தது. உடையைக் கண்டு ஆளை எடைபோடும் வழக்கம், ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்குப் புதிதன்று.

இங்கிலாந்தில் தோற்சட்டை வாலிபருக்கு 'ராக்கர்' என்று பெயர். 1964-இல் பிரைட்டன் முதலிய கடற்கரை ஊர்களில் அவர்களுக்கும் 'மாட்' என்ற நாகரிக வாலிபருக்கும் கைகலப்பு மூண்டது, பத்திரிகைகள் பதறின. ஆனால் அதற்கு முன்பே லண்டனில் பில் ஷெர்கோல்டு என்ற பாதிரியார் வேறு வழியை மேற்கொண்டிருந்தார். தாமே மோட்டார் சைக்கிளேறி, ராக்கர்கள் கூடும் 'ஏஸ் கபே' சிற்றுண்டிச்சாலைக்குச் சென்று, தம் கோயில் வழிபாட்டுக்கு அவர்களை அழைத்தார். சட்டையைக் கழற்றிவிட்டு வாருங்கள் என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை. அவர்கள் வந்தார்கள், வண்டிகளுக்கும் ஆசி கிடைத்தது.